அந்தப் படியில் உட்கார்ந்திருந்தவர்

கேள்வி:
எனக்கு 27 வயது. சின்ன ஊரில் பிறந்து வளர்ந்தவன். வேலைக்காகப் பெருநகரத்துக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. வந்த புதிதில் எல்லாம் பிரமிப்பாக இருந்தது. இப்போது எல்லாமே அசதியாக இருக்கிறது. லிஃப்டில் நாலு பேர் ஏறினால் நாலு பேரும் கதவுக்கு மேலே மாறும் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். எதிர் வீட்டுக்காரரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அம்மாவிடம் போனில் "நல்லா இருக்கேன்" என்று சொல்லி வைத்ததும் தொண்டை அடைக்கிறது. பழகிவிடும் என்றுதான் இருந்தேன். போன வாரம் ஒன்று நடந்தது. காலையில் மெட்ரோ நிலையத்தின் படிக்கட்டில் அறுபது வயதுக்கு மேலிருக்கும் ஒருவர் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. எல்லாரும் அவரைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். நானும் இறங்கினேன். கீழே போய்த் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் வண்டி வந்துவிட்டது, ஏறிவிட்டேன். அன்று முழுக்க வேலையே ஓடவில்லை. மாலை அந்தப் படியில் போய் நின்று பார்த்தேன், அவர் இல்லை. எங்கள் ஊராக இருந்தால் இப்படிப் போயிருக்க மாட்டேன். இந்த நகரம் என்னையும் கல்லாக்கிவிட்டதா? இன்னொரு சின்னக் கேள்வி: நாலு மாதம் பேசாமல் இருந்துவிட்டு எதிர் வீட்டுக்காரரிடம் இப்போது போய்ப் பேசினால் தப்பாக நினைப்பாரா?

பதில்:
தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அது நகரத்தைப் பற்றிய கடிதமாகத் தெரிந்தது. இரண்டாம் முறை அந்தப் படிக்கட்டு மட்டும்தான் கண்ணில் நின்றது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நீங்கள் நின்றிருக்க வேண்டும். இதில் பூசி மெழுக எதுவும் இல்லை. நடந்துகொண்டிருந்த ஒருவர் வேர்த்துப்போய்ப் படியில் உட்கார்ந்தால், வெறும் களைப்பாகவும் இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். கேட்டால்தான் தெரியும். ஆனால் 'கல்லாகிவிட்டேன்' என்று உங்களுக்கு நீங்களே எழுதிக்கொண்ட தீர்ப்பை நான் ஏற்கவில்லை. கல்லாகிவிட்டவன் மாலையில் அதே படிக்குத் திரும்பி வந்து நிற்க மாட்டான்.

அன்று காலை உங்களுக்குள் என்ன நடந்தது என்பதை உளவியல் ஆட்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1968இல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இருவர் மாணவர்களைத் தனித்தனி அறைகளில் உட்கார வைத்து, இன்டர்காம் வழியே ஒருவரோடு ஒருவர் பேச வைத்தார்கள். பேச்சின் நடுவே ஒரு குரல் திக்கித் திணறி, வலிப்பு வருவதாகச் சொல்லி, உதவி கேட்டு அடங்கிப்போகும். அது முன்பே பதிவு செய்த குரல். கேட்டவர்களுக்கு அது தெரியாது. 'இது என் ஒருவன் காதில் மட்டும்தான் விழுகிறது' என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குவதற்குள் எழுந்து ஓடி வந்து சொன்னார்கள். 'இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்' என்று நம்பியவர்களில் வந்தவர்கள் 31 சதவீதம்.

இந்த எண்களைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பின்னால் வருகிற குறிப்பு. வராமல் இருந்தவர்களின் அறைக்குள் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, பலருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, உள்ளங்கை வேர்த்திருந்தது. "அவருக்கு ஒன்றும் ஆகலையே?" என்று கேட்டார்கள். உதவ வந்தவர்களைவிட இவர்கள்தான் அதிகமாகப் பதறிப்போயிருந்தார்கள். உதவக் கூடாது என்று இவர்கள் முடிவெடுக்கவில்லை. முடிவே எடுக்க முடியாமல், போகவும் மனமின்றி இருக்கவும் மனமின்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே போய் நீங்கள் திரும்பிப் பார்த்தீர்களே, அந்த ஒரு நொடிதான் இது. உங்கள் சார்பில் வண்டி முடிவெடுத்துவிட்டது.

வண்டி என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே டார்லி 1973இல் டேனியல் பேட்சன் என்பவரோடு சேர்ந்து, அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பாதிரியார் பயிற்சியில் இருந்த மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போகச் சொன்னார். போய்ச் சேர்ந்ததும் ஒரு சிறிய உரை நிகழ்த்த வேண்டும். வழியில் ஒரு வாசலில் ஒருவர் தலையைத் தொங்கப் போட்டு, இருமிக்கொண்டு சுருண்டு கிடப்பார். 'நேரம் இருக்கிறது, மெதுவாகப் போகலாம்' என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் அவருக்கு ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். 'ஐயோ, ஏற்கெனவே தாமதமாகிவிட்டது' என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். அவர்களில் பாதிப் பேர் பேசப் போன தலைப்பு எது தெரியுமா? வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை! பிரின்ஸ்டன் பெருநகரமும் இல்லை, சின்ன ஊர்தான்.

ஆகவே 'எங்கள் ஊராக இருந்தால்' என்று நீங்கள் எழுதியதைக் கொஞ்சம் கிள்ளிப் பார்க்க வேண்டியிருக்கிறது. உங்கள் ஊரில் நீங்கள் நின்றிருப்பீர்கள், சந்தேகமில்லை. ஆனால் அங்கே படியில் உட்கார்ந்தவர் யாரோ ஒருவர் இல்லை, இன்னாருடைய அப்பா. உங்களுக்கும் 8.52 வண்டி இல்லை. போதாக்குறைக்கு, நிற்காமல் போனால் சாயங்காலத்துக்குள் சேதி உங்கள் அம்மா காதுக்குப் போய்விடும். இந்த மூன்றும் சேர்ந்துதான் நம்மை நல்லவர்களாக வைத்திருந்தன. நகரம் மூன்றையும் ஒரே நாளில் கழற்றிவிடுகிறது. உங்கள் குணம் அப்படியேதான் இருக்கிறது. அதைத் தாங்கி நின்ற முட்டுக்கால்கள்தான் போய்விட்டன. புதியதாக நட்டுக்கொள்ள வேண்டும், அதற்கு வழி இருக்கிறது.

முதலில் படிக்கட்டுக்கு. அடுத்த முறை இப்படி ஒருவரைப் பார்த்தால், மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். அவர்களும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஓரமாக ஒதுங்கி, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, "ஐயா, உடம்புக்கு என்ன பண்ணுது? நெஞ்சு வலிக்குதா?" என்று கேளுங்கள். இதற்கு மூன்று விநாடி போதும். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவுகிற வலி, மூச்சு வாங்குவது, சில்லென்ற வேர்வை இவற்றில் எது இருந்தாலும் அவரை நடக்க விடாதீர்கள், ஆம்புலன்ஸ் வர வேண்டும். அப்போது கூட்டத்தைப் பார்த்து "யாராவது போன் பண்ணுங்க" என்று கத்தினால் வேலைக்கு ஆகாது. அந்த 'யாராவது'தான் எல்லாரையும் நகர விடாமல் கட்டிப்போடுகிறது. ஆளைச் சுட்டிச் சொல்லுங்கள்: "நீலச் சட்டை போட்ட அண்ணே, நீங்க ஆம்புலன்சுக்குப் பேசுங்க. அக்கா, நீங்க கீழே போய் ஸ்டேஷன் ஆளைக் கூட்டிட்டு வாங்க." அவர்கள் செய்வார்கள். ஒருவர் நின்றுவிட்டால் அடுத்த இரண்டு பேர் நிற்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

அப்புறம், அலாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் வையுங்கள். கேலிக்குச் சொல்லவில்லை. அந்த 63க்கும் 10க்கும் நடுவில் இருந்தது நேரம்தான்.

இனி நகரத்துக்கு வருவோம். ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் 1970இல் நகர வாழ்க்கை பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கைச் சொல்கிறார். நியூயார்க்கை ஒட்டிய புறநகர் ஒன்றில் அலுவலகத்திலிருந்து பத்து நிமிடத்தில் போய்ச் சேரும் தொலைவுக்குள் ஒருவர் சந்திக்கக்கூடிய ஆட்கள் 11,000. அதே பத்து நிமிடத்தில் நியூயார்க்கின் மையமான மன்ஹாட்டனின் நடுப்பகுதியில் 2,20,000. இத்தனை முகங்களுக்கும் ஊரில் செய்வது போல நின்று, சிரித்து, நலம் விசாரித்தால் வீட்டு வாசலைத் தாண்டவே மதியம் ஆகிவிடும். மனசு தாங்காத அளவுக்குச் சரக்கு வந்து இறங்கும்போது, அது தானாகவே வாசல் கதவைப் பாதி சாத்திக்கொள்கிறது. 1903இல் பெர்லினிலிருந்து கியோர்க் சிம்மல் என்ற சமூகவியலாளரும் ஏறக்குறைய இதையேதான் எழுதினார். நகரத்தான் ஒதுங்கி இருப்பது திமிரினால் இல்லை, சிதறிப்போகாமல் இருப்பதற்கு.

லிஃப்டில் எண்ணைப் பார்க்கிறார்களே, அதற்கும் எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் ஒரு பெயர் வைத்திருக்கிறார். தமிழில் அதை 'நாகரிகமான பாராமுகம்' என்று சொல்லலாம். அடுத்த தடவை கவனியுங்கள். நீங்கள் ஏறும்போது ஒரு நொடி கண் உங்கள் மேல் படும், உடனே விலகும். 'நீ இருப்பது எனக்குத் தெரியும், உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்' என்பதுதான் அதன் பொருள். அவமதிப்பு அந்த முதல் நொடிப் பார்வையும் இல்லாதபோதுதான். உங்கள் ஊரில் யாரும் உங்களைப் பார்க்காமல் விட்டதில்லை, சரி. எங்கே போகிறாய், ஏன் இவ்வளவு நேரம், யாரோடு பேசிக்கொண்டிருந்தாய் என்று கேட்காமலும் விட்டதில்லையே? அந்தக் கேள்விகளிலிருந்து தப்பிக்கவே நகரத்துக்கு வந்தவர்கள் என்னிடம் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். உங்களுக்குத் தனிமையாக இருப்பதே அவர்களுக்கு மூச்சு விடும் இடம்.

நகரத்தில் எல்லாரும் ஓட்டமாக நடக்கிறார்கள் என்று புதிதாக வருபவர்கள் எல்லாரும் என்னிடம் சொல்வார்கள். அது பிரமை இல்லை. 1976இல் பல நாடுகளின் ஊர்களில் மக்கள் நடக்கும் வேகத்தை அளந்து பார்த்து, ஊர் பெரிதாகப் பெரிதாக நடை கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். உங்கள் நடையும் இந்த நாலு மாதத்தில் மாறியிருக்கும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவோடு நடந்து பாருங்கள், "ஏன்டா இப்படிப் பறக்கிறே" என்பார்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். அதே மில்கிராம், 1970களின் தொடக்கத்தில், 'அறிமுகமான அந்நியர்' என்று ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்தார். தினமும் ஒரே நடைமேடையில் ஒரே நேரத்தில் நிற்பவர், முகம் நன்றாகத் தெரியும், ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருடைய மாணவர்கள் புறநகர் ரயில் நிலையங்களில் காத்திருப்போரைப் படம் எடுத்து, அடுத்த வாரம் அதே ஆட்களிடம் படத்தைக் கொடுத்துக் கேட்டார்கள். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர், பேசிப் பழகாத ஒருவரையாவது அடையாளம் காட்டினார்கள். சராசரியாக ஆளுக்கு அப்படி நாலு முகங்கள். பேசிப் பழகியவர்கள் ஒன்றரைப் பேர்!

அவர் சொல்லும் ஒரு சம்பவத்தை உங்களுக்காகவே எடுத்து வைத்தேன். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு பெண் தன் வீட்டுக்குச் சற்றுத் தொலைவில் தெருவில் மயங்கி விழுகிறார். அந்தப் பக்கம் வந்த இன்னொரு பெண் உடனே பொறுப்பை எடுத்துக்கொள்கிறார். ஆம்புலன்சை வரவழைத்து, அதிலேயே ஏறி மருத்துவமனைவரை போகிறார். இருவரும் வருடக்கணக்காக ஒருவரை ஒருவர் தெருவில் பார்த்தவர்கள், பேசியதில்லை. பேசாவிட்டாலும் தனக்கு ஒரு தனிப் பொறுப்பு இருப்பதாகத் தோன்றியது என்றார் உதவியவர்.

படியில் உட்கார்ந்தவரை நீங்கள் அதற்கு முன்பு பார்த்திருந்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். தினமும் பார்க்கும் முகமாக இருந்திருந்தால் வண்டியை விட்டிருப்பீர்கள்.

எனவே ஊரையே நகரத்துக்குள் கொண்டுவர முயற்சி செய்யாதீர்கள், ஏமாற்றம்தான் மிஞ்சும். முகங்களைச் சேருங்கள். தினமும் ஒரே நேரத்தில் கிளம்பி, நடைமேடையில் ஒரே இடத்தில் நின்று, அதே பெட்டியில் ஏறுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் வரைபடம் பார்க்காமல் வீட்டைச் சுற்றி நடங்கள். வழி தவறட்டும், திரும்பி வந்துவிடுவீர்கள். அதே பூங்கா, அதே நூலகம், அதே கடை, அதே நேரம். புதிது புதிதாக இடம் தேடி ஓடுகிறவர்களுக்கு நகரம் வருடக்கணக்கில் அந்நியமாகவே இருந்துவிடுகிறது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்களுக்கு ஆறாவது வாரத்தில் யாரோ ஒருவர் தலையை அசைப்பார்.

இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். வேலைக்காக ஒரு நகரத்துக்குப் போன முதல் வருடம் எனக்கு ஒருவரையும் தெரியாது. என் அறைக்கு எதிர்க் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னல். அங்கே யாரோ மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு குனிந்து எழுதுவார்கள். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது, தலையும் தோளும்தான் நிழலாகத் தெரியும். நள்ளிரவுக்குச் சற்று முன்னால் அந்த விளக்கு அணையும், நானும் படுத்துக்கொள்வேன். ஒரு மாதம் போல அந்த ஜன்னல் இருட்டாகவே இருந்தது. எனக்கு வந்த கவலையைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. மறுபடியும் விளக்கு எரிந்த அன்று இரவு ஊருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில் முதல் முறையாக 'இங்கே' என்பதற்குப் பதில் 'எங்கள் தெருவில்' என்று எழுதியிருந்தேன்.

அம்மாவிடம் "நல்லா இருக்கேன்" என்று சொல்வதை நிறுத்துங்கள். பதிலாக ஒரே ஒரு நிஜத்தைச் சொல்லுங்கள். "இன்னைக்கு வழி தவறிட்டேன்மா", "பக்கத்து வீட்டுல யாரோ பாட்டுக் கத்துக்கிறாங்க, ஒரே வரியையே ஒரு மணி நேரமா பாடுறாங்க." தொண்டை அடைப்பது பிரிவினால் மட்டும் இல்லை, பொய்யினாலும்தான். அம்மாக்களுக்குக் குரலிலேயே தெரிந்துவிடும், நீங்கள் மறைப்பதால் அவருக்குக் கவலை குறையப் போவதில்லை.

ஒரு எச்சரிக்கை. மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக ஒவ்வொரு நாளும் நீடித்தால், தூக்கமோ பசியோ கெட்டுப்போனால், பிடித்தது எதிலும் மனம் ஒட்டாவிட்டால், இதை 'நகரம் பழகவில்லை' என்று கணக்கில் எழுதிவிடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு ஒரு முறை வந்தாலும் அன்றே பாருங்கள், நம்பும் ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தென்படவில்லை. இருந்தும் சொல்லி வைக்கிறேன்.

இனி எதிர் வீடு. நாலு மாதம் கழித்துப் பேசினால் விநோதமாக இருக்காதா என்கிறீர்கள். கொஞ்சம் இருக்கும். இதையும் மில்கிராம் கவனித்திருக்கிறார்: முன்பின் பார்க்காதவரிடம் மணி கேட்பதைவிட, வருடக்கணக்காகப் பார்த்துப் பேசாமல் இருப்பவரிடம் மணி கேட்பது கடினம். பேசாமல் போகும் ஒவ்வொரு வாரமும் சுவர் ஒரு வரிசை ஏறுகிறது. நாலு மாதச் சுவர் முழங்கால் உயரம்தான், தாண்டிவிடலாம். 2014இல் சிகாகோவில் இரண்டு ஆய்வாளர்கள் ரயில் பயணிகளில் சிலரை அறிமுகம் இல்லாத பக்கத்து ஆளிடம் பேச வைத்தார்கள், சிலரைப் பேசாமல் இருக்க வைத்தார்கள். பேசினால் பயணமே கெட்டுவிடும் என்றுதான் மக்கள் எதிர்பார்த்தார்கள். நடந்தது தலைகீழ், பேசியவர்களுக்கே பயணம் இனிமையாகப் போனது. எதிராளி விரும்ப மாட்டார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்ததுதான் அங்கே தடை.

உங்கள் எதிர் வீட்டுக்காரரும் இந்த வாரம் யாருக்காவது 'எதிர் வீட்டுப் பையன் நாலு மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை' என்று எழுதிக்கொண்டிருக்கலாம். காரணம் எதுவும் ஜோடிக்காதீர்கள். கதவு தற்செயலாக ஒரே நேரத்தில் திறக்கும் ஒரு நாளில், "நான் எதிர் வீட்டுல இருக்கேன். நாலு மாசமா சொல்லணும்னு நெனச்சு நெனச்சு விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு, பெயரைச் சொல்லுங்கள். அவர் சிரித்தால் அங்கேயே நின்று இரண்டு நிமிடம் பேசுங்கள். தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கதவைப் பூட்டினாலும் பரவாயில்லை, லிஃப்டுக்கு இருவரும் சேர்ந்துதானே நடக்க வேண்டும்.